ஒன்பதாவது டேக்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், நடுவில் அண்ணன் வேறு "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்பார். கடிதத்தில் ஒருத்தி பேசி முடிக்கும் வரை இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆகவே இப்போது நான் பேசுகிறேன்.

நம் குட்டி பட்டாணியை இந்த லீவுக்கு என்னிடம் அனுப்பப் போவதில்லை என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. பாவம், ஊரெல்லாம் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற மனுஷன், நமக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு மாதமாக முழிக்கிறார்.

அண்ணி, அவள் மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு முழுப் பரீட்சை லீவுக்கும் இரண்டு வாரம் என்னிடம் இருந்திருக்கிறாள். எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, அதற்காக நான் ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த இரண்டு வாரத்துக்காக மீதி ஐம்பது வாரம் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிகிறது. அதையும் எடுத்துவிடாதீர்கள்.

டிசம்பரில் நாம் நாலு பேரும் அந்த சினிமா ஊருக்குப் போனது தப்பா? எவ்வளவு சந்தோஷமாகப் போனோம்! மூன்று மாடி உயரத்துக்கு நடிகர்களின் முகத்தை மாட்டியிருந்த அந்தத் தெருவில் பட்டாணி கழுத்து சுளுக்கும் வரை அண்ணாந்து பார்த்தாளே. டூர் பஸ்காரர் "இதுதான் அவர் வீடு, இதுதான் இவர் வீடு" என்று வரிசையாக மதில் சுவரைக் காட்ட, நாமும் வெட்கமில்லாமல் மதில் சுவரைப் போட்டோ எடுத்தோமே. நாலாவது நாள் ஸ்டுடியோவில் அவள் காணாமல் போனதும், ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துக் கிடைத்ததும் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், நாம் இன்னும் அந்த மதில் சுவர் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்போம்.

கையை விட்டது நான் என்கிறீர்கள். நான் விடவில்லை, அண்ணி. உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் விட்டேன். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அவளை அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 10

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் இரண்டு நாளாக அதை மேஜை மேல் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

அழகாக எழுதியிருக்கிறாய். நீ பேசினாலும் அழகாகத்தான் பேசுவாய். ஸ்டுடியோ செக்யூரிட்டி ஆபீஸில்கூட, நான் நாற்காலியில் விழுந்து கிடந்தபோது, நீதான் எல்லோருக்கும் கோர்வையாகச் சொன்னாய், மஞ்சள் கவுன், இரண்டு குடுமி, ஆறு வயது, வெள்ளை ஷூ என்று. எனக்கு என் குழந்தை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதே வாயில் வரவில்லை.

ஒரு மணி பத்து நிமிஷம் என்று நீ எழுதும்போது அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் இருந்த கதவுகள் எத்தனை தெரியுமா? நான் எண்ணினேன். முப்பத்தொன்று. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் வீடு, கடை, பள்ளிக்கூடம். திறந்தால் பின்னால் ஒன்றுமில்லை, கம்பும் கட்டையும்தான். ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து அவளைக் கூப்பிட்டேன். கடைசியில் ஒரு தச்சர்தான் அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால், சுருட்டி வைத்த படுதா மேல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். "உள்ள யாருமே இல்லை, யாராவது வருவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்" என்றாள். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், கதவைத் தட்டுவதற்கு முன்னால் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்க்கிறாள், பின்னால் வீடு இருக்கிறதா என்று.

அந்த ஷூட்டிங்குக்காகக் கடைசியாக நடந்தபோது அவள் உன் கையில் இருந்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். நீ அதை ஒத்துக்கொண்டிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். என் கையில் கொடுத்ததாக நீ சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெற்றவள் நான். என் கையில் கொடுத்திருந்தால் நான் விடுவேனா?

இந்த லீவுக்கு அவள் எங்கும் வரவில்லை.

பட்டாணியின் அம்மா


மார்ச் 14

அண்ணி,

"பெற்றவள் நான்" என்று எழுதிவிட்டீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும்.

ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாம் டூர் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பொய்த் தெருவில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கி வைத்திருந்த ஒருவர் ஓடிவந்து, "பின்னால நடந்து போறதுக்குக் கொஞ்சம் பேர் தேவைப்படுது, குடும்பமா இருந்தா ரொம்ப நல்லது" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் வண்டியிலிருந்து குதித்தது யார்? நான் இல்லை. தலைசீவி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றது, சொன்னால் கோபம் வரும், நீங்கள்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஹீரோ பேசிக்கொண்டே வருவார், நாம் பின்னால் பேக்கரியிலிருந்து தபால் ஆபீஸ் வரை நடக்கவேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அதை ஒன்பது தடவை செய்ய வைத்தார்கள். ஒரு தடவை ஹீரோவுக்கு வசனம் மறந்தது, ஒரு தடவை மேலே விமானம் போனது, ஒரு தடவை அண்ணனே கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். அப்படி நடந்ததில் ஒரு தடவை என் ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டவேண்டும். "அண்ணி, பிடிச்சுக்கோங்க" என்றேன். நீங்கள் "ம்" என்றீர்கள். அவள் கையை வாங்கினீர்கள். அந்த "ம்" இப்போதும் என் காதில் இருக்கிறது.

பட்டாணியைக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒரு நாள் அம்மா என்கிறாள், ஒரு நாள் அத்தை என்கிறாள், ஒரு நாள் அப்பா தோளில் இருந்தேன் என்கிறாள். குழந்தையை இதில் இழுக்க வேண்டாம்.

ஆனால் கேட்பதற்கு வேறு ஒருத்தி இருக்கிறாள். கழுத்தில் கேமராவும் கையில் நோட்டுமாக ஒரு பெண் நின்றாளே, ஞாபகம் இருக்கிறதா? கன்டினியூட்டி அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு போட்டோ எடுப்பாள், யார் எங்கே இருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று. பத்தாவது தடவைக்குப் போட்டோ எடுக்க வந்தபோது, "மஞ்சள் கவுன் போட்ட குழந்தை இருந்ததே, எங்கே?" என்று முதலில் கேட்டதே அவள்தான். அதுவரை நமக்கே தெரியவில்லை.

அப்படியென்றால் ஒன்பதாவது தடவை அவள் எடுத்த போட்டோவில் பட்டாணி யார் கையில் இருக்கிறாளோ அவர்தான் விட்டது. அவளுக்கு எழுதப் போகிறேன். போட்டோ வந்ததும் அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

நாத்தனார்


மார்ச் 20

எழுது. தாராளமாக எழுது. எனக்கும் பார்க்கவேண்டும்.

நீ பிடிவாதக்காரி என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே உன் அண்ணன் எச்சரித்திருக்கிறார். அவரிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "நான் கையாட்டினதையும் எழுதிட்டாளா?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அவரைக் கேட்டால், "நான் பார்க்கலையே, ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

லிப்ஸ்டிக் போட்டேன். போட்டால் என்ன? வருஷம் முழுக்க லேபில் முகமூடி போட்டுக்கொண்டு அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் பார்த்துக்கொண்டிருப்பவள், சினிமா ஊருக்குப் போய் ஒரு நாள் லிப்ஸ்டிக் போட்டது குற்றமா?

பட்டாணிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. இதை நானாக எழுதவில்லை. அத்தைக்கு எழுதச் சொல்லி அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

பட்டாணியின் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பல் விழுந்த செய்தியைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேலா கீழா, அதை எழுதவில்லையே? மேல் பல் என்றால் "அத்தை" என்று சொல்லும்போது காற்று போகும். கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஸ்டுடியோ ஆபீஸிலிருந்து பதில் வந்தது. கன்டினியூட்டி அக்கா வேறு படத்துக்குப் போய்விட்டாளாம், முகவரி கொடுத்தார்கள். அவளுக்கு எழுதினேன். அவளும் எழுதினாள்: "ஞாபகம் இருக்கிறது, அந்தக் குழந்தையை மறக்க முடியுமா? பழைய பெட்டிகளைத் தேடி, பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன், கொஞ்சம் நாளாகும்." நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

லிப்ஸ்டிக் விஷயத்தில் நான் எழுதியது அதிகப்பிரசங்கித்தனம். உங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே சொல்ல நினைத்தேன். நம் ஓட்டல் அறையில் ஒரே கண்ணாடி, அதிலும் பாதி ரசம் போனது, நீங்களும் நானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தலைசீவினோமே, அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த ஹீரோவைப் பற்றி நீங்கள் சொன்னதை நினைத்து இப்போதும் கடையில் தனியாகச் சிரிக்கிறேன். "திரையில பார்த்தா பனைமரம், நேர்ல பார்த்தா நம்ம வீட்டு ஸ்டூல்" என்றீர்கள். பட்டாணி அந்தப் பொய் பேக்கரியில் பிளாஸ்டர் ரொட்டியைக் கடித்துவிட்டு, "அம்மா, இது நேத்தைய ரொட்டி" என்றாளே!

இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் ஷூ நாடா கட்டக் குனிந்தபோது, முட்டி நனைந்தது. தெருவெல்லாம் தண்ணீர். மழை பெய்த தெரு மாதிரி இருக்கவேண்டும் என்று நடுவில் குழாயை வைத்துத் தண்ணீர் அடித்தார்கள் இல்லையா, அதற்கு அப்புறம். பட்டாணி என் கையில் இருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறீர்களே, அப்போது தெரு ஈரமா, காய்ந்திருந்ததா? வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவேண்டும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 8

மேல் பல்.

தெரு காய்ந்திருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ அவளைச் சுவர் ஓரமாக நடத்திக்கொண்டு போனாய். வெயிலில் உங்கள் இருவர் நிழலும் பேக்கரி வாசலில் விழுந்தது. அவள் தன் நிழலை மிதிக்கப் பார்த்தாள். புழுதி கிளம்பியது, நீ "ஷூ அழுக்காகும்" என்று அதட்டினாய்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மேலே எழுத ஒரு நாள் ஆயிற்று. ஏனென்றால் தண்ணீர் அடித்தது ஐந்தாவது தடவைக்கு முன்னால். அதற்கப்புறம் அந்தத் தெரு காயவே இல்லை, நம் ஷூ எல்லாம் நனைந்து ஓட்டலில் ஜன்னலோரம் காயவைத்தோம். அப்படியென்றால் நான் பார்த்தது முதல் நாலில் ஒன்று. ஒன்பதாவது இல்லை. நீ சொல்வது ஈரத் தெரு. அதுதான் பின்னால் நடந்தது.

தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஒரே நடையை ஒன்பது தடவை நடந்திருக்கிறோம். நீ சொல்வதும் நடந்திருக்கிறது, நான் சொல்வதும் நடந்திருக்கிறது. கடைசியில் நடந்தது உன்னுடையது போலிருக்கிறது. நான் "ம்" என்று சொல்லி வாங்கியிருக்கிறேன், அப்புறம் விட்டிருக்கிறேன். எனக்கு அந்த "ம்" ஞாபகமே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

இருபத்தாறாம் தேதி பட்டாணியை அனுப்புகிறேன். வழக்கம் போல இரண்டு வாரம். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 12

என் அருமை அண்ணிக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். நான் குதித்த குதியில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் பயந்துபோய், "எனக்கு என்னம்மா, ஆபரேஷனா?" என்று கேட்டுவிட்டார்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? விட்டுத் தள்ளுங்கள். யாருக்குத்தான் தவறாது? அவள் கிடைத்துவிட்டாள், முழுசாகக் கிடைத்துவிட்டாள், போதாதா? நான் அப்போதே சொன்னேன், ஈரத் தெரு, ஷூ நாடா என்று. சரி சரி, இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். அந்தப் போட்டோ வந்தால்கூடப் பிரிக்காமல் கிழித்துப் போடுகிறேன். நமக்குள் எதற்குச் சாட்சி?

அவளுடைய கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். போன வருஷம் கால் இடிக்கிறது என்றாள், அதனால் கால்மாட்டுப் பலகையை எடுத்துவிட்டேன். நூலகத்தில் அவள் பேரில் அட்டை வாங்கியாயிற்று. மத்தியானம் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். கண்ணாடி இல்லாத பிரேம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் மிரட்டட்டும். முட்டை சாப்பிடுகிறாளா இப்போது? எழுதுங்கள்.

உங்கள் கண்ணாடிக்காரி


ஏப்ரல் 17

கண்ணாடிக்காரிக்கு,

முட்டை சாப்பிடுகிறாள், மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கிவிடுவாள். பாலில் சர்க்கரை வேண்டாம். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உன் அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அவளிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக அவள் காதுபட உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் சொல்லாமல் அனுப்ப முடியவில்லை. "அன்னைக்குக் கையை விட்டது அத்தை இல்லம்மா, நான்தான்" என்றேன். அவள் "நீங்களா?" என்றாள். ஒரு வார்த்தைதான். அப்புறம் பொம்மையை எடுத்துக்கொண்டு அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நேற்று சாலையைக் கடக்கும்போது நான் கையை நீட்டினேன். அவள் உன் அண்ணன் பக்கம் போய்விட்டாள்.

வேலையில் இரண்டு தடவை குழாயைக் கீழே போட்டு உடைத்தேன். பதினோரு வருஷத்தில் நான் ஒன்றுகூட உடைத்ததில்லை. மேலதிகாரி லீவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

போட்டோ வந்தால் கிழிக்காதே. எனக்கு அனுப்பு. அந்த ஒன்பதாவது தடவை நான் எப்படி நின்றுகொண்டிருந்தேன், என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் எனக்கு அடங்கும்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

போட்டோக்கள் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டன. உங்கள் கடிதமும் அன்றைக்கே வந்தது. இரண்டையும் ஒன்றாகத்தான் தபால்காரர் கொடுத்தார். போட்டோவை முதலில் பிரித்தேன்.

ஒன்பது போட்டோ. ஒவ்வொன்றிலும் கீழே எண் எழுதிய பலகை. முதல் நாலில் தெரு காய்ந்திருக்கிறது. மூன்றாவதில் பட்டாணி என் கையில், சுவர் ஓரமாக, நீங்கள் சொன்னபடியே. ஐந்திலிருந்து ஈரம். ஆறாவதில் நான் குனிந்து ஷூ நாடா கட்டுகிறேன், அவள் உங்கள் கையில். நான் சொன்னபடியே. ஏழாவதில் அண்ணன் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவதில் உங்கள் கையில்.

ஒன்பதாவதில் என் கையில் இருக்கிறாள்.

கடையிலிருக்கும் பெரிய லென்ஸை வைத்துப் பார்த்தேன். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, என் முகம் பளிச்சென்று தெரிகிறது. நான் ஈரத் தெரு என்றேன். ஈரத் தெருவில் ஐந்து தடவை நடந்திருக்கிறோம் என்பது எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. ஆறாவதை எடுத்துக்கொண்டுபோய் நான் ஒன்பதாவது இடத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு எல்லாம் வந்துவிட்டது. ஹீரோ அந்தத் தடவை என் பக்கமாக நகர்ந்து வந்தார். அவ்வளவு கிட்டத்தில். நன்றாகப் பார்க்கவேண்டும் என்று மூக்கில் இறங்கிய கண்ணாடியை மேலே தள்ளினேன். வலது கையால். அவள் இருந்த கையால். அவர் போகும் வரை பார்த்தேன். அப்புறம் கையைக் கீழே இறக்கினேன், அதில் யாரும் இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உங்களிடம் இருப்பாள் என்று நினைத்திருப்பேன்.

இரண்டு நாள் இதை எழுதாமல் வைத்திருந்தேன், அண்ணி. பொய் சொல்லமாட்டேன். எட்டு போட்டோவை மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன். ஒன்றுமே வரவில்லை என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று, கட்டில் போட்டாயிற்று, இன்னும் ஆறு நாள், வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வந்துவிடுவாள். அப்புறம் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீங்கள் கையை நீட்டினீர்கள், அவள் அண்ணன் பக்கம் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே. அந்த இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

ஒன்பதையும் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் கடைசிப் போட்டோ இருக்கிறது. முதலில் பட்டாணியிடம் காட்டுங்கள். அம்மா விடவில்லை, அத்தைதான் விட்டாள் என்று சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம். நான் அழுவேன், அது என் பாடு. கோபப்படமாட்டேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். மூன்று மாதம் உங்களோடு சண்டை போட்டேன். அதைவிட, போன வாரம் "யாருக்குத்தான் தவறாது" என்று உங்களுக்கே பெருந்தன்மையாக எழுதினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

நாத்தனார்


ஏப்ரல் 23

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கவரை லேபில் பிரித்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒன்பதாவது போட்டோவை மட்டும் எடுத்து வெகு நேரம் பார்த்தேன். நீ உன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தாயா? உனக்கு இரண்டடி பின்னால் நிற்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு ஹீரோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் பட்டாணிக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. அவள் போனபோது என்னை உரசிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

நீ உண்மையை எழுதிவிட்டாய். நானும் ஒன்று எழுதவேண்டும். அவள் கடைசியாக உன் கையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேனே, நான் பார்க்கவில்லை. செக்யூரிட்டி ஆபீஸில் அந்த அதிகாரி, "கடைசியா குழந்தை யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் நான் என்ன அம்மா? "அவகிட்டதான்" என்று உன்னைக் கைகாட்டினேன். சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். பார்க்காமலே ஒரு குழாயில் ஒருவர் பெயரை ஒட்டினால் எங்கள் லேபில் அன்றைக்கே வேலை போய்விடும். நான் உன் பெயரை ஒட்டிவிட்டு மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். தற்செயலாக அது சரியாகப் போயிற்று என்பதற்காக, நான் செய்தது சரியாகிவிடாது.

உன் அண்ணன் எல்லாப் போட்டோவையும் வரிசையாக மேஜையில் அடுக்கி வைத்துப் பார்த்தார். நாலாவதில் அவர் கையாட்டுவது தெளிவாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் பிரேம் போடலாமா என்று கேட்கிறார். அடிக்கக் கை ஓங்கினேன். பல நாள் கழித்து இந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

பட்டாணியிடம் போட்டோவைக் காட்டினேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நான் பார்க்காததையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் கவனமாகப் பார்த்தாள். அப்புறம் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், ஒரு வாரத்துக்கு அப்புறம். "அத்தை அழுதாங்களா?" என்று கேட்டாள். அழுதிருப்பாங்க என்றேன். "அப்ப நான் போகணும்" என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. இருபத்தாறாம் தேதி மாலை நாலரைக்கு பஸ் வரும். இரண்டு வாரம் இல்லை, மூன்று வாரம் இருக்கட்டும். அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று கேட்டு உனக்கு ஒரு நாளும் போன் செய்யமாட்டேன். கை தானாகப் போன் பக்கம் போகும். ஆனாலும் செய்யமாட்டேன்.

பட்டாணி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெருவுல போகும்போது அத்தை என் கையைப் பிடிக்க வேண்டாம். நான்தான் அத்தை கையைப் பிடிச்சுப்பேன். அத்தை விட்டாலும் நான் விடமாட்டேன்."

அண்ணி